விலாவில் நீங்கள் போட்ட கோடு

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

இன்று மதியம் எங்கள் கம்பெனி அயர்ன் டேபிளில் யாரோ ஒரு வெள்ளைப் பனியனைக் கருக்கிவிட்டார்கள். அந்த நெடி நான் உட்கார்ந்திருக்கும் செக்கிங் மேசை வரை வந்தது. எல்லோரும் துணியைப் பார்க்க ஓடினார்கள். நான் பேன்ட்டைத் தூக்கி என் இடது காலைப் பார்த்தேன். காலுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன். பக்கத்துப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

துணி மூட்டை அடுக்கின் மேலிருந்து நான் விழுந்து, ஆஸ்பத்திரி வாசமெல்லாம் முடிந்து, வேலம்பாளையத்தில் உங்கள் பிசியோதெரபி அறைக்கு என்னைத் தூக்கி வந்தபோது வலது கால் துவண்டு கிடந்தது. இடது கால் நன்றாக அசைந்தது. அதுதான் நல்ல கால் என்று நம்பியிருந்தேன். நீங்கள் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஓர் ஊக்கை எடுத்தீர்கள்.

"குத்துதுங்களாண்ணா, சும்மா தொடுதுங்களா?"

"தொடுத மாதிரிதான் இருக்கு டாக்டர் தம்பி."

கண்ணைத் திறந்தேன். ஊக்கின் கூர்முனை என் இடது தொடையில் அழுந்தியிருந்தது. அன்று வந்த பயம் இன்னும் போகவில்லை.

"நான் டாக்டர் இல்லீங்ணா" என்று சிரித்துவிட்டுத்தான் எப்போதும் விளக்குவீர்கள். "தண்டுவடம் சுண்டு விரல் மொத்தந்தானுங்க. அதுக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பாதை. காலை அசைக்கச் சொல்ற உத்தரவு அதே பக்கமா எறங்கும். வலியும் சூடும் உள்ள நுழைஞ்சதுமே எதிர்ப்பக்கம் தாண்டி மேல போகும். உங்களுக்கு அடி வலது பாதியிலீங்க. அதனால வலது காலுக்குப் பலமில்லை, இடது காலுக்குச் சுடறது தெரியாது. பாத்து இருந்துக்கோங்ண்ணா."

பார்த்து இருக்கவில்லை. கைத்தடியோடு மறுபடி என் பழைய அயர்ன் டேபிள் வேலைக்கே போனேன். ஒருநாள் கருகல் நெடி வந்ததும், "எவம்லே துணியக் கருக்குனது?" என்று நானே சத்தம் போட்டேன். கருகியது துணியல்ல. நீராவிக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த என் கெண்டைக்கால். எனக்கு முன்னால் அதைப் பார்த்தவன் முகம் வெளிறியது.

கட்டோடு வந்தவனை நீங்கள் திட்டவில்லை. ஊக்கால் கீழிருந்து மேலே குத்திக்கொண்டே வந்து, வலி தெரியத் தொடங்கிய இடத்தில், என் இடது விலாவில், என் சட்டைப்பையில் கிடந்த கட்டிங் செக்‌ஷன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டீர்கள். அங்கிருந்த மச்சத்துக்குச் சற்றுக் கீழே.

"வாரா வாரம் பாருங்ண்ணா. வருசம் கழிச்சுக்கூட தண்டுவடத்துக்குள்ள நீர் கோத்துக்கலாம். கோடு மேல ஏறுச்சுன்னா யோசிக்காம வந்துருங்க. இன்னொண்ணு, பயத்துல குத்துதுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

போன ஆடியில் பல்லடம் சாலையில் லாரி உங்கள் பைக்கை இடித்தது. கழுத்தில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடம் அறுந்தால் மூச்சுக்கான உத்தரவே இறங்காது என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். கடைசியில் அது உங்களுக்கும் தெரிந்திருக்குமோ என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. அதற்கு மேல் நினைக்க மாட்டேன்.

இன்று வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி ஊக்கை எடுத்தேன். மச்சத்தின் மேலேயே குத்தினேன். தொட்டது. குத்தவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவள் கையால் குத்தச் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்தபோதுதான் அவள் எப்போதோ குத்திவிட்டாள் என்று தெரிந்தது. கோடு மச்சத்தைத் தாண்டி ஏறிவிட்டது.

யோசிக்காமல் வரச் சொன்னீர்கள். உங்கள் அறையில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நாளை கோயம்புத்தூர் போகிறோம். பயமாக இருக்கிறது தம்பி, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அங்கேயும் கண்ணை மூடச் சொல்வார்கள். குத்துகிறதா என்று கேட்பார்கள். குத்துகிறது என்று சொல்லிவிடத்தான் வாய் வரும். சொல்ல மாட்டேன்.