துளை போடுகிறவருக்குப் பக்கத்து இடம்

மார்ச் 2, திங்கள்

இன்று காலை பதினொரு மணிக்கு ஒரு மாபெரும் நிறுவனத்தின் தலைமை விற்பனை ஆலோசகராக நான் பதவி ஏற்றுக்கொண்டேன். விழாவுக்கு வந்திருந்தவர்கள்: நான், என் மருமகள் (அக்காள் மகள்), ஒரு பசை டப்பா. நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் அவள் ஒருத்திதான். பட்டறை, ஒரு பழைய அச்சகத்தின் பின்கட்டு. தயாரிப்பு ஒன்றே ஒன்று. ஜன்னல்.

ஆனால் என்ன ஜன்னல்! திறந்தே இருக்கும், காற்று வரும், சத்தம் வராது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஒரு சந்து. சந்தின் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. காற்று எப்படியோ வழி கேட்டு உள்ளே வந்துவிடுகிறது. சத்தம் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிடுகிறது. இது என் விளக்கம். அவளுடைய விளக்கம் நாற்பது பக்கம், அதில் முப்பத்தொன்பது பக்கம் கோடுகள்.

பதினொன்றாம் தேதி முதல் ஐந்து நாள் சர்வதேசக் கட்டடக் கண்காட்சி. உலகத்தின் செங்கல், சிமெண்ட், கதவு, கழிப்பறை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வருகின்றன. நாங்களும் போகிறோம். அது முடிவதற்குள், சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடமிருந்து எழுத்தில் ஓர் ஆர்டர் வாங்க வேண்டும். இல்லையென்றால் ஏப்ரல் முதல் தேதி அவளை ஏற்கெனவே அழைத்திருக்கிற ஒரு கண்ணாடி நிறுவனத்து வேலையில் அவள் சேர்ந்துவிட வேண்டும். இது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும், அதாவது என் அத்தானுக்கும், இடையே ஏற்பட்ட ஒப்பந்தம். இருபத்தெட்டு வருஷம் ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் அத்தான். அந்த நாற்காலிக்கே ஓய்வூதியம் கொடுத்திருக்க வேண்டும்.

“சொந்தக்காரர் அல்லாத” என்ற நிபந்தனை யாரை மனத்தில் வைத்து என்று எனக்குத் தெரியாதா? போன மாதம் நான் ஆறு ஜன்னல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். அத்தான் படித்துவிட்டு, “உன் வீட்ல மொத்தமே நாலு ஜன்னல்தானேடா” என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

பயிற்சி. டைல்ஸ் ஷோரூமில் முப்பது வருஷம் பேசியே தரை விற்றவனுக்கு இவள் பயிற்சி கொடுக்கிறாள். “மாமா, நீங்க பேசுங்க. ஆனா கம்மியா பேசுங்க.” மீனைக் குளத்தில் விட்டு ஓரமாக நீந்தச் சொல்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

பெட்டியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினோம். பெட்டி என்றால் ஓர் ஆள் உட்காரக்கூடிய குட்டி அறை. ஒரு நாற்காலி, ஒரு கதவு, ஒரு பக்கச் சுவரில் நம் ஜன்னல். பார்வையாளர் உள்ளே உட்கார்ந்து தானே தெரிந்துகொள்ள வேண்டியது. எடை சுமார் இரண்டு யானை. மூன்றாவது யானை என் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் இடம் ஏழாவது அரங்கு, நடுவரிசை. பக்கத்துக் கடையில் ஒருவர் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர், வணக்கம் சொன்னார். கட்டை எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

அலங்காரம் இல்லை.

பத்து மணிக்கு ரிப்பன் வெட்டினார்கள். பத்து ஐந்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் காதில் மூடி மாட்டிக்கொண்டு, பீரங்கி அளவு டிரில் மெஷினைக் கட்டையில் வைத்து அழுத்தினார். என் பல் செட்டு தனியாகப் பேச ஆரம்பித்தது. கால் மணிக்கு ஒரு துளை. நான் அவருக்குத் துளையப்பன் என்று பெயர் வைத்தேன். வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது.

“வாருங்கள், காற்று வரும்...” என்று ஆரம்பிப்பேன். டர்ர்ர்ர். “சத்தம்...” டர்ர்ர்ர். ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு என் வாயையே இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார். முப்பது வருஷத் தொழிலில் என் பேச்சு முற்றுப்புள்ளி வரை போய்ச் சேராத முதல் நாள் இதுதான்.

மதியம் தீயணைப்பு விதிகள் வகுப்பு, ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒருவர் கட்டாயம். மருமகள் போனாள். இதுதான் சமயம் என்று நான் மேல்மாடி அலுவலகத்துக்கு ஏறினேன். அங்கிருந்த அம்மாளிடம் என் வயது, என் இதயம், என் ரத்த அழுத்தம், எனக்கு இல்லாத இரண்டு நோய்கள், எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இடமாற்றப் படிவம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் “தாங்க முடியாத சத்தம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நான்கு தூக்கும் ஆட்கள், ஒரு டிராலி, பெட்டி நான்காவது அரங்குக்கு இடம்பெயர்ந்தது. சுற்றிலும் தரைக்கம்பளக் கடைகள். நடந்தால் காலடிச் சத்தம்கூட இல்லை. சொர்க்கத்தில் தரைத்தளம்.

மருமகள் வரட்டும். ஆனந்தக் கண்ணீர் துடைக்கக் கைக்குட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

அதே நாள், பிறகு

வந்தாள். கம்பளங்களைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மாமா... அந்த எடம் நான் கேட்டு வாங்கினது.”

“எந்த எடம்?”

“டிரில் கடைக்குப் பக்கத்துல. மூணு மாசமா கடிதம் எழுதி, கெஞ்சி வாங்கினேன். அவ்ளோ சத்தத்துல உள்ள உக்காந்தாத்தானே தெரியும்?”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் பதில்கள் நிறைய உண்டு. அவள் நாற்காலியைத் துடைத்துக் கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த நாற்காலியை.

காலையிலிருந்து நான் ஒரு தடவையாவது பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தேனா? இல்லை. உள்ளே உட்கார்ந்தால் வெளியே யார் பேசுவது? அப்படியானால் எனக்கு விற்க வேண்டியது ஜன்னலா, என் குரலா? — இந்தக் கேள்வியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓடிப்போய்க் கேட்டேன், பழைய இடத்தில் அதற்குள் பிளாஸ்டிக் புல் முளைத்துவிட்டது. செயற்கைப் புல் கம்பெனி. வாசனை வேறு.

மார்ச் 12, வியாழன்

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. எறும்பு தும்மினால் கேட்கும்.

காலையிலிருந்து பத்தொன்பது பேர் பெட்டிக்குள் உட்கார்ந்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். ஒரு தம்பதி, அம்மாவோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்று சாக்குச் சொல்லி, நெருக்கியடித்து உள்ளே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள்.

மூன்று மணிக்கு உண்மையான ஆள் வந்தார். கட்டட வரைகலைஞர் அம்மாள், நரைத்த கிராப்பு, கழுத்தில் கண்ணாடி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் மாணவர் விடுதி ஒன்றைப் புதுப்பிக்கிறாராம். ஜன்னலை மூடினால் பிள்ளைகள் வேகிறார்கள், திறந்தால் ரயில் படுக்கைக்கே வருகிறதாம். மருமகளின் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. அம்மாள் உள்ளே போனார், கதவைச் சாத்தினார், ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தார்.

“உள்ள ரொம்ப அமைதியா இருக்கும்மா.” சுற்றிலும் பார்த்தார். “வெளியவும் அமைதியாத்தானே இருக்கு?”

விசிட்டிங் கார்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்தக் கார்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வைத்தியருக்குச் சொல்ல வேண்டிய சமாச்சாரம்.

மார்ச் 13, வெள்ளி

அத்தான் தொலைபேசினார். “என்னடா, உலகமே வாங்கிட்டுதா?” உலகம் வரிசையில் நிற்கிறது என்றேன். “ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் நிக்கச் சொல்லு” என்றார். அவர் குரலில் கேலி இருந்தது, ஆனால் வைப்பதற்கு முன், “அவ சாப்டாளா?” என்றும் கேட்டார்.

அவள் சாப்பிடவில்லை.

மதியம் துளையப்பன் காலில் போய் விழுந்தேன். முழுசாக விழவில்லை, என் இடுப்பு அனுமதித்த அளவுக்கு. நடந்ததைச் சொன்னேன். அவர் பேசவில்லை. தொண்டை போய்விட்டதாம், மூன்று நாளாக வாங்க வருகிறவர்களிடம் கத்திக் கத்தி, இப்போது துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுகிறார். எனக்கு எழுதிக் காட்டியது: “வர்றவங்க விவரம் கேக்கறாங்க. சொன்னா கேக்கல. போயிடறாங்க.”

பார்த்தேன். அவர் கடைக்குள் ஒரு மூலை, கட்டைகள் அடுக்கியிருந்த இடம், பாதி காலி. அங்கே ஒரு பேசும் அறை இருந்தால்? நாற்காலியோடு? ஜன்னலோடு?

துளையப்பன் சீட்டைத் திருப்பி எழுதினார்: “எப்ப கொண்டு வர்றீங்க?”

மார்ச் 14, சனி

மறுபடி மேல்மாடி. அதே அம்மாள். அதே படிவம். காரணம் என்ற இடத்தில் “தாங்க முடியாத அமைதி” என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், உங்க இதயம்?”

“சத்தம் இல்லாம அதுக்குப் பழக்கம் இல்லேம்மா.”

முத்திரை குத்தினார். குத்திய வேகத்தில் என் மேலும் ஒன்று விழுந்திருக்கும், நகர்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பெட்டி துளையப்பனின் மூலையில். பீரங்கிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மூன்று முழம். வாங்க வந்த ஒப்பந்தக்காரர்களை அவர் ஒவ்வொருவராக உள்ளே உட்கார வைத்து, கதவிடுக்கில் தலையை நீட்டி, கிசுகிசுத்தே வியாபாரம் பேசினார். வெளியே அவருடைய உதவியாளர் பூமியைப் பிளந்துகொண்டிருந்தார்.

ஆனால் வரைகலைஞர் அம்மாள்? தேடி அலைந்ததில், அவர் பெரிய மண்டபத்தில் ‘நாளைய நகரம்’ என்ற சொற்பொழிவில் இருந்தார். பேசியவர் நாளைய நகரத்தை நாளை வரை முடிக்க மாட்டார் போலிருந்தது. நான் குனிந்து, நான்கு வரிசை தாண்டி, ஏழு பேரின் காலை மிதித்து, ஒரு சீட்டை நீட்டினேன். “அம்மா, அன்று வெளியேயும் அமைதியாக இருந்தது. அது ஜன்னலின் குற்றம் இல்லை, என் குற்றம். இன்று வெளியே நரகம் தயார். தயவுசெய்து வரவும்.” படித்தார். மேடையைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். டர்ர்ர்ர்ர்ர். ஒரு துளை முடிந்தது. இரண்டாவது. அவர் வெளியே வரவில்லை. கதவு சிக்கிக்கொண்டதோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. மருமகள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அம்மாள் உள்ளே நிதானமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நெற்றி முடி காற்றில் அசைந்தது.

வெளியே வந்ததும் கேட்டார்: “மழை?”

நான் வாயைத் திறந்தேன். கடலே எழுந்து வந்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மருமகள் முந்திக்கொண்டாள்.

“நேரா பெஞ்சா ஒண்ணும் ஆகாதுங்க. சாய்ஞ்சு அடிச்சா ஒரு வெரல் அகலத்துக்குத் தண்ணி வரும். இன்னும் சரியாகல.”

முடிந்தது, கண்ணாடி நிறுவனமே, வருகிறாள் பெற்றுக்கொள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நாலு நாளா இந்தக் கண்காட்சிய சுத்தறேன்மா,” என்றார் அம்மாள். “ஒருத்தர் வாயிலயும் ‘இன்னும் சரியாகல’ன்னு கேக்கல.”

நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு. நாளைய நகரம் போல இல்லாமல் இருந்தால் சரி.

மார்ச் 15, ஞாயிறு

வந்தார். நான்கரை மணிக்கு, கடைகளைக் கலைக்க ஆரம்பித்த பிறகு. தன் அலுவலகக் கடிதத் தாளில், நின்றபடியே, துளையப்பனின் கான்கிரீட் கட்டை மேல் வைத்து எழுதினார். விடுதியில் ரயில் பக்கத்து அறை ஒன்றுக்கு, சோதனைக்காக, ஒரு ஜன்னல். சரியாக வந்தால் அந்தப் பக்கம் முழுவதற்கும்.

ஒரு ஜன்னல்! ஐந்து நாள், மூன்று யானை, இரண்டு இடமாற்றம், என் இடுப்பு, எல்லாம் ஒரு ஜன்னலுக்கு.

வீட்டில் அத்தான் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுதானா? ஒண்ணு எப்படிம்மா ஆர்டர் ஆகும்?”

“எத்தனைன்னு நாம பேசவே இல்லியேப்பா.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை. அக்கா சமையலறையிலிருந்து, “சொந்தக்காரர் இல்லேல்ல? எழுத்துல இருக்குல்ல? அப்பறம் என்ன?” என்றாள். தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது, அது அக்காவின் குரல்.

ஏப்ரல் 1, புதன்

இன்று கண்ணாடி நிறுவனத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். இங்கே எட்டு மணிக்கே பட்டறையின் ஷட்டர் தூக்குகிற சத்தம். மழைத் தண்ணீருக்கு ஒரு தகடு வளைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று வாளியால் சாய்வாக மழை பெய்தேன். அலுவல் முறையில் இன்று என் பதவி: மேகம்.

அத்தான் என்னோடு பேசுவதில்லை. அவளோடும் அளவாகத்தான்.

ஏப்ரல் 18, சனி

விடுதியில் ஜன்னல் பொருத்தியாயிற்று. இரண்டாவது மாடி, கடைசி அறை, தண்டவாளம் கையெட்டும் தூரம். தச்சர் கடைசித் திருகை முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்.

யாரும் அழைக்காமல் அத்தான் வந்திருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், சட்டத்தைத் தடவிப் பார்த்தார், ஒரு குறையும் கிடைக்காத ஏமாற்றத்தோடு உள்ளே கட்டிலில் உட்கார்ந்தார். மருமகள் எதிரில் நின்றாள். கதவைச் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன். தண்டவாளப் பக்கத்து வராந்தாவில் நான் ஒருவன், சுவரில் ஜன்னல்.

சரக்கு ரயில் வந்தது. ஐம்பது பெட்டி இருக்கும், எண்பது என்று எழுதிக்கொள்கிறேன். வராந்தா ஆடியது. உள்ளே அத்தான் ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நீளமாக, தரையைப் பார்த்தபடி. அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ பதில் சொன்னாள். இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என்னைப் பற்றித்தான். சந்தேகமே இல்லை. ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று காதைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். காற்று மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. வராந்தாவில், மழை பெய்யக் கொண்டுபோயிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் ரயிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.