தேன் நிறத்துக்குக் காத்திருந்த செடி

என் அன்புக் கிழவருக்கு,

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். இங்கே ஹம்போல்ட் மலை முழுக்கக் கஞ்சாப்பூ வாசனை.

தோட்டத்தை அறுத்துவிட்டோம். பூவிலிருக்கும் பிசின் துளிகள் பால் வெள்ளையாகிவிட்டன. லைசென்ஸ் கடைக்காரர்கள் கேட்கிற கலகலப்புச் சரக்குக்கு அதுதான் பதம். வேலியோரத்துச் செடியை மட்டும் தொடவிடவில்லை. அது உங்களுக்கு. உங்களுக்கு வேண்டியது தூக்கம். அதற்குத் துளிகள் தேன் நிறத்துக்கு வரவேண்டும்.

"மழை வருது மார்லாக்கா, பூசணம் பிடிச்சிரும். இதையும் வெட்டிரலாம்" என்றான் பக்கத்துத் தோட்டத்து வெண்டெல்.

"முதுகுவலி அவருக்கு, உனக்கில்ல. போய்த் தார்ப்பாய் எடுத்துட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். கொட்டுகிற மழையில் செடிக்குக் கூடாரம் கட்டினோம். காற்று அதைத் தூக்க, கயிற்றில் தொங்கியபடி கத்தினான்: "உங்க வீட்டுக்காரர் தூங்குறதுக்கு நான் பறக்கணுமா?"

சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

இன்று நல்ல வெயில். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பாதிக்கு மேல் தேன் நிறம். நானே வெட்டிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. பூ காய்வதற்குள் வீட்டுக்கு அனுப்புவாரா என்று மட்டும் கேளுங்கள். உங்கள் குறட்டை இல்லாமல் எனக்கும் தூக்கம் வருவதில்லை.

இப்படிக்கு,
கட்டிலில் உங்கள் பக்கத்தையும் பிடித்துக்கொண்டவள்