கடைசி எல்லையை நீங்கள் கடந்த விதம்

அம்மா,

காரின் முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டுவிட்டது. ஒட்டிச் சரிசெய்ய முடியாது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். கழற்றிய கண்ணாடியைக் காட்டி, மூலையில் இருந்த ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கரை உரித்துத் தரவா என்று மெக்கானிக் கேட்டார். நீங்கள் கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர். எப்போதோ காலாவதியானது. தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பயணம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கோடைக்கான திட்டத்தை நான் எப்படிப் போட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஹனோவர் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மதிப்பெண் போட்டேன். எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும், பார்க்கிங் உண்டா, போய் வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் வெட்டு. முதலில் பிராக், பிறகு வியன்னா, ஸ்லோவேனியாவில் ஒரு ஏரி, வெனிஸ், அங்கிருந்து ஆல்ப்ஸ் வழியாக வீடு. கணக்குப்படி அதுதான் சிறந்த வழி. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நீங்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தீர்கள். இதை மறுபக்கமாகத் திருப்பு என்றீர்கள். முதலில் ஆல்ப்ஸ், கடைசியில் செக். அங்கிருந்து வீடு திரும்பும்போது நெடுஞ்சாலை வேண்டாம், எல்லையில் இருக்கும் எர்ட்ஸ் மலைக்கு மேலாக வரும் பழைய சாலைதான் வேண்டும். எல்லை தாண்டியதும் வரும் ஒரு சின்ன ஊரில் நிறுத்த வேண்டும். அந்த ஊரைத் தேடிப் பார்த்தேன். ஒரு தேவாலயம், ஒரு பேருந்துத் தரிப்பு. அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

"அங்கை ஒண்டும் இல்லை அம்மா," என்றேன்.

"நான் அங்கை இருந்தனான்," என்றீர்கள்.

நீங்கள் போருக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்த கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்றைக்கு, வெங்காயம் உரித்துக்கொண்டே, முழுதாகச் சொன்னீர்கள். செக் பக்கத்திலிருந்து காட்டுக்குள்ளால் நடந்து வந்து, அந்தப் பேருந்துத் தரிப்பில் பொலிஸிடம் அகப்பட்டு, உடனேயே திருப்பி அனுப்பப்பட்டீர்கள். இரண்டாம் முறை ஒரு வேனில், கம்பளிகளுக்கு அடியில் படுத்தபடி வந்தீர்கள். கதவைத் திறந்தபோது எல்லை எங்கோ பின்னால் போய்விட்டிருந்தது.

"ஜேர்மனிக்குள்ள வாறதை நான் இன்னும் என்ரை கண்ணாலை பாக்கேல்லை," என்றீர்கள். "அந்த இடத்தை நான்தான் கார் ஓடிக்கொண்டு தாண்டோணும். நீ பக்கத்தில இரு."

நீங்கள் கார் ஓட்டியதெல்லாம் வீடு, நீங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறை, கோயில். உரிமம் எடுத்ததே ஐம்பதை நெருங்கியபோதுதான். ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதே கிடையாது. அப்பா சோபாவில் இருந்தபடி, "இவ மலையில கார் ஓடினா நான் பின்னுக்கு இருந்து தேவாரம் பாடிக்கொண்டு வாறன்," என்றார்.

"பாடுங்கோ. மெல்லமாப் பாடுங்கோ, நான் ரோட்டைப் பாக்கோணும்," என்றீர்கள் நீங்கள்.

நான் திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை ஆட்டோபானுக்குக் கூட்டிப்போனேன். எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊருக்கே தெரியும். வேகம் எடுங்கள், இப்போது நுழையுங்கள், கண்ணாடியைப் பாருங்கள் என்று கத்துவேன். நீங்கள் கை நீட்டி வானொலிச் சத்தத்தைக் கூட்டுவீர்கள். மூன்றாவது ஞாயிறு ஒரு பெரிய சுற்றுலாப் பேருந்துக்கு முன்னால் சிரமமில்லாமல் நுழைந்தீர்கள். அதற்கு மேல் எனக்குக் கத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

பயணத்தில் தினமும் கொஞ்சம் ஓட்டினீர்கள், நாளுக்கு நாள் தூரம் கூடிக்கொண்டே போனது. நான் அதிக மதிப்பெண் கொடுத்த வெனிஸ் உங்களுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. சனம் கூடுதல், பாத்ரூமுக்கும் வரிசை என்றீர்கள். பிரென்னர் கணவாய்க்குக் கீழே லொறிக்காரர்கள் சாப்பிடும் கடை பிடித்தது. ஸ்லோவேனியாவின் ஏரி பிடித்தது, அதிலும் தண்ணீருக்குள் கால் வைக்கலாம் என்பதால். அப்பா தேவாரத்தை மறந்து பின்னால் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார்.

கடைசி நாள் மலை ஏறும்போது மழைத் தூறல். ஜெர்மன் எல்லைப் பலகையைத் தாண்டியதும் வெள்ளைக் கூடாரம், மஞ்சள் அங்கி போட்ட பொலிஸ். இந்த எல்லையில் மறுபடி சோதனை இருக்கிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். முன்னால் போன கார்களை எல்லாம் கையசைத்துப் போகவிட்டார்கள். நம்மை ஓரம் கட்டச் சொன்னார்கள். எனக்குக் காது சூடேறியது. இளம் பொலிஸ்காரர் ஒருவர் உங்களைத் தாண்டிக் குனிந்து, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என் முழங்காலில் கையை வைத்தீர்கள்.

"ஓட்டுவது நான்," என்று ஜெர்மனில் சொன்னீர்கள். "என்னைக் கேளுங்கள்."

அவர் நிமிர்ந்தார். எங்கே போகிறீர்கள் என்று உங்களையே ஜெர்மனில் கேட்டார்.

"வீட்டுக்கு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் நன்றி சொல்லி, சிக்னல் போட்டு, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, சாலைக்கு ஏறினீர்கள். சாரதித் தேர்வில் செய்வதுபோல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தீர்கள்.

அதற்குப் பிறகு ஊர்வதுபோல ஓட்டினீர்கள். பின்னால் கார்கள் சேர்ந்துகொண்டே போயின, ஒருவன் ஹோர்ன் அடித்தான். நீங்கள் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஆப்பிள் மரங்கள். தொட்டிப் பூக்கள் வைத்த சன்னல்கள். கோழி முட்டை விற்பனைக்கு என்று எழுதிய பலகையைச் சத்தமாக வாசித்தீர்கள்.

அந்த ஊர்த் தரிப்பில் பேருந்து நிற்கும் இடத்திலேயே காரை நிறுத்தி இறங்கி, அங்கிருந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தீர்கள். அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் சாலை. இவ்வளவு கிட்டத்தில் இருந்த ரோட்டுக்கா அன்றைக்கு அவ்வளவு நேரம் நடந்தோம் என்று கேட்டீர்கள். பேருந்து வந்து பின்னால் நின்றது. சாரதி சன்னலைத் திறந்து, இது கார் நிறுத்தும் இடமா என்று சத்தம் போட்டார். நீங்கள் ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னீர்கள். எழும்பி, சேலையை உதறி, ஒருமுறை சுற்றிப் பார்த்தீர்கள்.

"நல்ல ஊர்தான், என்ன?"

லைப்சிக்கில் நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். நீ இரு என்றீர்கள். மக்டெபுர்க் தாண்டியது எனக்குத் தெரியாது. யார் ஓட்டினாலும் பிரேக்கை மிதிக்கப் பார்க்கும் நான், உங்கள் பக்கத்தில் இருந்து தூங்கிவிட்டேன்.

அடுத்த பனிக்காலத்தில் நீங்கள் இல்லை.

உன் அம்மா ஜெர்மனிக்கு எப்படி வந்தார் என்று போன வாரம் வேலையிடத்தில் ஒருவன் கேட்டான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வரும் கேள்வி. போர் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பரிதாபப் பார்வை எனக்கு ஒத்துவராது. இந்த முறை அவனை நிற்கவைத்துச் சொன்னேன். முதல் தரம் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தரம் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் தரம் அம்மா தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.