திரும்பிப் பார்க்காத புள்ளிகள்

ஜூன் 9, திங்கள்

அறிக்கை போய்விட்டது. அண்ணி தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில் பக்கப் படிக்கட்டை இடித்துவிட்டு அங்கே நூலகம் கட்டலாமா என்று நிர்வாகக் குழு கேட்டிருந்தது. கட்டலாம், ஆபத்து நேரத்தில் எல்லாரும் இறங்க முன்படிக்கட்டு ஒன்றே போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

பிள்ளைகளைக் கணினித் திரையில் புள்ளிகளாக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நாலைந்து விதிகள் கொடுத்து, மணியை அடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் என் வேலை. கூட்டம் என்ன செய்யும் என்று நான் சொல்வதில்லை, புள்ளிகளே காட்டிவிடும். பக்கத்து மேசைக்காரர் இதே வித்தையை மீன் கூட்டத்துக்குச் செய்கிறார். எதிர் அறைக்காரி காய்ச்சல் பரவுவதற்குச் செய்கிறாள். நான் எறும்பில் தொடங்கியவள். அலுவலகத்தில் இன்றைக்கும் எறும்புக்காரிதான்.

"எங்க வீட்டுப் பொண்ணே சொல்லிட்டா, அப்புறம் என்ன யோசனை!" என்று அண்ணி போனில் சொன்னபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஜூன் 11, புதன்

செவ்வாயன்று இடிக்க வருகிறார்களாம். நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய மட்டும் ஒரு மாதமாக ஆள் கிடைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இவர் வெளியூர் போயிருப்பதால் மகளை அழைத்துவர அண்ணியின் பள்ளிக்கு நானே போனேன். முன்படிக்கட்டின் அடியில் நின்றிருந்தேன். மணி அடித்தது. பாதிப் படி இறங்கிய பிள்ளைகள் நின்று திரும்பி, "சீக்கிரம் வாடி!" என்று மேலே பார்த்துக் கத்துகிறார்கள். ஒருத்தி கூட்டத்தை எதிர்த்து மேலே ஏறித் தம்பியை இழுத்துக்கொண்டு வருகிறாள். என் மகள் படிகள் திரும்பும் நடுமேடையில் வழியை அடைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறாள்.

"ஏன்டி அங்கயே நின்னுட்ட?"

"அவ ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தாம்மா. விட்டுட்டு வர முடியுமா?"

சிரித்துக்கொண்டேதான் கூட்டிவந்தேன். தெருமுனை திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. என் புள்ளிகளில் ஒன்றாவது திரும்பிப் பார்த்ததா? பழைய எறும்பு நிரலை அப்படியே எடுத்து, எறும்பு என்று இருந்த இடத்தில் மாணவர் என்று மாற்றியவள் நான். வேகத்தை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன். ஆனால் அந்தப் புள்ளிகளுக்குத் தம்பி இல்லை, தோழி இல்லை. வாசலைத் தவிர வேறு எதுவுமே தெரியாது.

ஜூன் 14, சனி

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கூட்டாளியைக் கொடுத்தேன். ஒரே ஒரு புது விதி: கூட்டாளியைக் காணவில்லை என்றால் நில், அல்லது திரும்பு.

நடுமேடை அடைத்துக்கொண்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான். சிலர் மட்டும் திரும்பினாலே போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் மேலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பக்கப் படிக்கட்டைத் திறந்துவிட்டால் நெரிசல் கரைந்துவிடுகிறது.

பக்கத்து மேசை மீன்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "புள்ளிங்களுக்குச் சொந்தபந்தம் குடுத்துட்டியா? போச்சு போ. என் மீனுங்களே தேவல" என்று சிரித்தார். அப்புறம் குரல் மாறி, "எப்போ இடிக்கிறாங்க?" என்றார்.

செவ்வாய். இடையில் இரண்டே நாள். அண்ணிதான் என்னைக் குழுவிடம் சிபாரிசு செய்தவர். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது? தீ என்ன தினமுமா பிடிக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. ச்சீ. என் பிள்ளையும் அங்கேதானே படிக்கிறாள்!

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி வீட்டுக் கேட் வரை போய்விட்டுத் திரும்பினேன். கோழை.

ஜூன் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையிலேயே, பள்ளியில் அண்ணியின் அறையில், நின்றுகொண்டே. அண்ணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ இடிக்கக் கூடாதுங்கற."

"கூடாது அண்ணி."

"குழுவுல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"என் தப்புன்னு சொல்லுங்க."

"அத நான் வேற சொல்லணுமா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் உடனே போனை எடுத்து மேஸ்திரியிடம், "நாளைக்கு ஆள அனுப்பாதீங்க. இல்ல, நாளன்னைக்கும் வேணாம்" என்றார்.

அப்பாடா. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாசலில் இருந்த காவலாளிக்கு எதற்கென்றே தெரியாமல் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

குழுக் கூட்டத்தில் செயலாளர், "எறும்பு ஆராய்ச்சிய நம்பி இறங்கினா இப்படித்தான்" என்றாராம். சொல்லட்டும். நூலகம் பழைய பொருள் அறைக்குப் போகிறது. அண்ணி என்னிடம் முன்போலப் பேசுகிறார், கொஞ்சம் சுருக்கமாக.

ஆகஸ்ட் 6, புதன்

முற்பகலில் அண்ணியிடமிருந்து போன். "எல்லாரும் வெளிய வந்தாச்சு. உன் பொண்ணும் வந்துட்டா. மொதல்ல அதக் கேட்டுக்க" என்றார். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். முன்படிக்கட்டின் அடியில் இருக்கும் மின்பெட்டி எரிந்து, படிக்கட்டு முழுக்க ஒரே கரும்புகை. ஒரு பிள்ளைகூட அதில் கால் வைக்க முடியவில்லையாம். அத்தனை பேரும் பக்கப் படிக்கட்டில் இறங்கினார்களாம். நெரிசல்தான், ஆனால் ஆசிரியைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து இறக்கியதால் யாரும் திரும்பி நிற்கவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஓடினேன். மைதானத்தில் மகள் தோழியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "பசிக்குதும்மா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அண்ணி பக்கப் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தப் புகை உன் கணக்குல இருந்துச்சா?"

"இல்ல அண்ணி. புகைய நான் நெனைக்கவே இல்ல."

அண்ணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போகுது விடு. படிக்கட்டு இருந்துச்சே."