மேகலாவின் வீட்டு மொழி

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மலையடிவாரத்தில் ஆடிக் கிருத்திகைப் பந்தல் வேலை. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தாயிற்று.

மகள் மேகலாவுக்கு இரண்டே முக்கால் வயது. ஓடுகிறாள். கால் மாற்றிப் படியேறுகிறாள். பொம்மைக்குச் சோறூட்டுகிறாள். சொற்கள் மட்டும் ஒற்றை ஒற்றையாக: பாலு, இல்ல, ரா, நைனா. 'ரா' என்றால் தெலுங்கில் வா; நைனா, அதாவது அப்பா, நான். இரு சொற்களைச் சேர்ப்பதில்லை.

இன்று கவனித்தது: என் மனைவி கௌரி சில நாள்களாகக் குழந்தையிடம் பேசுவதே இல்லை. அவள் பிறந்தது ஆந்திரத்து நகரி. தெலுங்கில் தொடங்கினால் ஓயமாட்டாள். காரணம் கேட்டேன்.

"ப்ளே ஸ்கூல் மேடம் சொல்ட்டாங்க. வீட்ல தெலுங்கு பேசறதாலதான் புள்ளைக்குப் பேச்சு வரலியாம். எனக்குத் தமிழ்ல திட்டத்தான் வரும், கொஞ்ச வராது. அதான் சும்மாகீறேன்."

ஜூலை 9, செவ்வாய்

அலுவலகம் செல்லுமுன் அந்த ப்ளே ஸ்கூல். தலைமையாசிரியை புன்னகையுடன்:

"ரெண்டு பாஷ காதுல வுழுந்தா கொழந்த குழம்பிடும் சார். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்குத் தெரியாதுங்க. யார் கண்டுபிடிச்சது?"

"எங்க ரூல் சார். தமிழக்கூட கொறச்சிக்குங்க. இங்கிலீஷ்ல பழக்குங்க."

விதிகளை மதிப்பவன் நான். அலுவலகத்தில் அதற்காகவே கேலிக்கு ஆளாகிறவன். ஆயினும் விதிக்கு ஆதாரம் வேண்டும். தாயின் மொழியும் கூடாது, தந்தையின் மொழியும் கூடாது எனில், குழந்தையிடம் பேசுவது யார்? சுவரா?

மாலை மழை இல்லை. தலைவலி.

ஜூலை 11, வியாழன்

அரைநாள் விடுப்பு. குழந்தைகள் மருத்துவர் காதைச் சோதித்தார். குறை இல்லை. "வயிறு எங்க?" என்று தமிழில் கேட்டார். கௌரியைத் தெலுங்கில் கேட்கச் சொன்னார்: "பொட்ட ஏதி?" இரு முறையும் மேகலா சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள்.

"ரெண்டு பாஷயும் நல்லாப் புரியுது. பேச்சுதான் தாமதம். பயிற்சிக்கு எழுதித் தரேன். ஆனா வீட்ல வாய மூடிக்கினா யாருக்குங்க பேச்சு வரும்? உங்களுக்கு எது வருதோ அதுல பேசுங்கம்மா."

கௌரி அழுவாள் என எதிர்பார்த்தேன். அழவில்லை. பேருந்து நிறுத்தத்தில், "அந்த மேடம நான் பாத்துக்கறேன்" என்றாள். நானே செல்வதாகச் சொல்லித் தடுத்தேன். பேருந்து முழுவதும் மடியிலிருந்த குழந்தைக்குத் தெலுங்கில் கதை. முன்னிருக்கைக்காரர் இருமுறை திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூலை 12, வெள்ளி

மீண்டும் பள்ளி. மருத்துவர் கூறியதைக் கூறினேன்.

"எங்க ரூல் ஒத்துவரலன்னா வேற எடம் பாருங்க சார்."

"பாத்துட்டேங்க."

பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வாங்கிக்கொண்டு வெளியேற்றம். அடுத்த தெரு அங்கன்வாடியில் சேர்த்தாயிற்று. இரண்டு மொழி என்று தயங்கியபடி ஆரம்பித்தேன். பணியாளர் அம்மா நிமிரவே இல்லை: "ஆங், இங்க பாதி அப்டித்தான். வுட்டுட்டுப் போங்க."

அலுவலகத்தில் எழுத்தர்: "இன்னா சார், ஆபீசர் வூட்டுப் பொண்ணு அங்கன்வாடியிலயா?"

"ஆமாம். திங்கக்கெழம முட்டை போடுறாங்களாம்."

ஜூலை 14, ஞாயிறு

லேசான தூறல். கௌரியின் தம்பியைச் சென்னை வண்டியில் ஏற்றிவிட ரயிலடி. வண்டி நகர்ந்தது. மேகலா என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, ரயிலு போயிந்தி."

ரயில் போய்விட்டது என்கிறாள். சொற்களைச் சேர்த்து. தெளிவாக. அவளருகே குந்தி அமர்ந்துவிட்டேன்.

நடைமேடை இருக்கையில் இருந்தவர் சிரித்தார்: "இன்னா சார், தமிழ்நாட்ல இருந்துகினு பொண்ணு தெலுங்கு பேசுது?"

"பேசுதுங்க," என்றேன். "இன்னொரு தடவ கேளுங்க."