சுவர் தாண்டிக் கேட்ட ராப்

லுணுகலை
ஆகஸ்ட் 1999

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்க டோஹாவுக்குப் போறப்ப விட்டுட்டுப் போன ராப் கேசட்டைத்தான் இப்ப தினமும் போடுறேன். முன்னாடி அது எனக்கு வெறும் சண்டைச் சத்தம். இப்ப ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிட மனசு வரல. அந்த ஆளு சொல்றது ஒண்ணும் புரியாது. ஆனா கோச்சி ரயிலு மலையேறுற மாதிரி ஆரம்பிச்சு, கடைசிப் பாட்டுல குரலை இறக்குறான் பாருங்க, அது எனக்குன்னே சொல்றாப்ல இருக்கு. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது கையும் அந்தத் தாளத்துக்கே போகுது.

நேத்து பக்கத்து வீட்டு ஜீவராணியக்கா சட்டி நிறைய மீன் கொழம்போட வந்து நிக்கிறாங்க. லயத்துல வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தானே, ஆம்பளக் குரல் கேட்டதும் நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சிட்டாங்களாம்.

"இல்லக்கா, கேசட்டு"ன்னேன்.

"அதானே! உன் புருசன் எந்தக் காலத்துல இவ்வளவு பேசுனாரு?"ன்னு சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன். கொழம்பை மட்டும் திருப்பிக் கொடுக்கல.

இதோட பதியாத கேசட் ஒண்ணு வச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் நீங்களே பேசி அனுப்புங்க. தாளம் வேணாம், வேகமும் வேணாம். கொஞ்சம் சத்தமா மட்டும் பேசுங்க, அக்காவுக்கும் கேக்கணும்.

உங்க வீட்டுக்காரி