மிளகாய்க் கடை மாடியில் நால்வர்

ஐயா,

இன்று காலை மார்க்கெட் ஸ்திரீட்டில் காய்ந்த மிளகாய் வாங்கப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே விலை. "எங்க போனாலும் இதே வெலதான்மா. வெயில்ல அலையாதீங்க லா" என்று சிரித்தான் மூன்றாவது கடைக்காரன். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினான். அந்த நெடி மூக்கில் ஏறியபோது உங்கள் நினைவு வந்தது. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. மிளகாய் வாங்காமலே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

என் சிவப்பு அடையாள அட்டையை நீலமாக்கி, இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கத்தான் உங்கள் வக்கீல் ஆபீசுக்கு முதலில் வந்தேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. அப்பா கப்பலில் வந்து இறங்கிய கிழமை, எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் இருந்தோம் என்று நீங்கள் கேட்கக் கேட்கச் சொன்னேன். அம்மா செத்த அன்று குடை தர மறுத்த கங்காணி பெண்டாட்டியையும் சேர்த்தே சொன்னேன். "அந்த மனுசியின்ரை பேர் இதுக்குத் தேவையில்லை, தங்கச்சி" என்றீர்கள். பிறகு, "உம்மட தலைக்குள்ள ஒரு ரிஜிஸ்டர் கிடக்கு. ஒண்டும் அழியாது" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது நான் ஒரு மிளகாய் மொத்தக் கடையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதே முதலாளியிடம் மூட்டை தூக்கினார். தாசேக் கெலுகோர் ஊர்க்காரர் ஒருவர் தானே தூத்துக்குடி வியாபாரிகளுக்கு எழுதி, நேராகச் சரக்கு இறக்கி, தோட்டத்துக் கடைகளுக்கு மலிவாகக் கொடுக்கத் தொடங்கினார். எங்கள் முதலாளிக்கும் தெருவிலிருந்த மற்ற மூன்று இறக்குமதிக்காரர்களுக்கும் அது பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் நால்வரும் எங்கள் கடை மாடியில் கூடினார்கள். தேநீர் கொண்டுபோனவள் நான். இரண்டு மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து அவருக்குச் சரக்கு வருவது நின்றது. அவர் உங்களிடம் வந்தார். தேநீர் கொடுத்தது நான் என்று கேள்விப்பட்டு நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "நீ என்னத்த கேட்ட? டீ குடுத்த, எறங்கி வந்துட்ட" என்றார்.

"காது இருந்துச்சே."

"காதுக்குச் சோறு யாரு போடுறா?"

மறுநாள் உங்கள் ஆபீசில் தாசேக் கெலுகோர்க்காரரும் இருந்தார். சொங்கோக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். நீங்கள் எனக்குப் புரியும்படி சொன்னீர்கள்: "இந்த நாட்டிலை வியாபாரப் போட்டிக்கெண்டு தனிச் சட்டம் இன்னும் வரேல்லை. ஆனா நாலு பேர் கூடி ஒருத்தனை அழிக்கப் பேசி வைச்சால் கோர்ட் கேக்கும். கடலுக்கு அங்காலை இருக்கிறவனை என்னால இழுத்துவர ஏலாது. இஞ்சை பேசினதைக் காட்டலாம். பேப்பர் ஒண்டும் இல்லை. கேட்ட ஆள் வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தீர்கள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க ஐயா" என்றேன்.

"உமக்கோ?" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு ஃபைலை மூடி, "சரி தங்கச்சி. இல்லையெண்டால் இல்லைதான்" என்றீர்கள். அந்த மனிதர் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, "பரவால்லக்கா, வேலைக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.

தீபாவளிக்கு முன்பே அவர் கடையை மூடினார். பிறகு யாரோ ஒருவருடைய லோரியை ஓட்டப் போனதாகக் கேள்விப்பட்டேன். மிளகாய் விலை ஏறியது. என் வீட்டுக்காரர் இடுப்பு விடும்வரை அங்கேயே மூட்டை தூக்கினார். அந்தச் சோற்றில் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உங்கள்மேல் எனக்குக் கோபம். தெருவில் பார்த்த போதெல்லாம் பழையபடியே தலையசைத்து, "சுகமோ தங்கச்சி" என்று கேட்டீர்கள். பொய் சொன்னாய் என்று ஒரு தடவை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும். அந்த மரியாதை பொறுக்காமல் உங்களைக் கண்டாலே எதிர்ப் பக்கம் கடந்து போனேன். உங்கள் காரியத்துக்கும் வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, மழை. முதலாளி சன்னலோரம் இருந்தார். "தூத்துக்குடிக்கு ஆளுக்கொரு கடிதம் போடுவோம். அவனுக்கு ஒரு மூட்ட ஏத்துனாலும் நாம நாலு பேரும் வாங்க மாட்டோம்னு எழுதுங்க" என்றார். மூக்குக்கண்ணாடி போட்டவர், "அவன் பிழைப்பு என்னாகும்?" என்று கேட்டார். "அதுக்குத்தானே கூடியிருக்கோம்" என்றார் முதலாளி. பிறகு ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர் கடைசியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தட்டில் இருந்த கிளாஸை எடுத்துக்கொண்டு, "சீனி கம்மியா இருக்கு" என்று என்னைப் பார்த்தார்.

இவ்வளவுதான் ஐயா. சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. நீங்கள் ஃபைலை மூடிய அன்றும் இந்தச் சொற்கள் இதே வரிசையில்தான் என் வாயில் இருந்தன.